வராத பஸ்ஸுக்கு நின்றவர்கள்

எட்டு மாதமாகப் பஸ்ஸே வராத நிறுத்தத்தில், காலை ஏழரை மணிக்குப் பதினேழு பேர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். இவர்களுக்கென்ன பைத்தியமா என்று போகிற வருகிறவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். 'அந்த நிறுத்தத்தில் ஆளே நிற்பதில்லை, ஆகவே பஸ் விட இயலாது; வேண்டுமானால் இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் ஆள் அனுப்பி எண்ணிப் பார்க்கிறோம்' என்று போக்குவரத்து அலுவலகம் எழுத்து மூலமாகவே பதில் அனுப்பியிருந்தது. பஸ் வந்தால்தானே ஐயா ஆள் நிற்கும்! இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன பஞ்சர் கடைக்காரர் கடைசியில், "ஆள் நிக்கணும், அவ்வளவுதானே? நிப்போம். வீட்டுக்கு ஒருத்தர், ரெண்டு வாரம். எண்ண வர்றவங்க என்னைக்கு வேணா வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் நிற்பதாகக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தையல்காரம்மா நிஜமாகவே நின்றாள், கையில் பையோடு. அந்தப் பஸ் போய்ச் சேரும் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே ஒரு முதியோர் இல்லம். அதன் மாடியில் அவளுடைய அக்கா இருந்தாள். அக்காவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. போன் போட்டால், "யாரு? யாரு பேசுறது?" என்று கத்திவிட்டு வைத்துவிடுவாள். "நான்தாங்க்கா" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஏறாது. நேரில் போய் முகத்தைக் காட்டினால்தான் உண்டு. மூன்று வண்டி மாறிப் போக இவளுடைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் எட்டு மாதம்!

பையில் அக்காவுக்காகத் தைத்த சட்டை இருந்தது. கீழே விழுந்ததிலிருந்து கையைத் தூக்க முடியாதவள் என்பதால் முன்பக்கம் பொத்தான். அக்காவுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறம். எல்லாம் முடிந்தது, பக்கத்தையல் மட்டும் போடவில்லை. அக்காவின் அளவு அவளுக்கு மனப்பாடம்தான். ஆனால் இந்த எட்டு மாதத்தில் எவ்வளவு இளைத்திருக்கிறாளோ, யார் கண்டது?

நிற்பது லேசான காரியமாக இல்லை. ஆறாம் நாள் மழை கொட்டியது. கழிவுநீர்க் குழாய்த் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காமலிருந்த பஞ்சர் கடைக்காரரும் மாடிவீட்டுக்காரரும் ஒரே குடைக்குள் விறைப்பாக நின்றதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஒன்பதாம் நாள் வந்தது ஐந்தே பேர். பஞ்சர் கடைக்காரர் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டினார். பன்னிரண்டாம் நாள் எண்ணுகிறவர் நோட்டுப்புத்தகத்தோடு வந்தேவிட்டார், அதுவும் அரை மணி நேரம் தாமதமாக. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பெண் தினமும் ஒரு மணி நேரம் நடந்து வேலைக்குப் போகிறவள். அன்று கிளம்பாமல் நின்றாள்.

"உனக்கு நேரமாகலையாடி?" என்றாள் தையல்காரம்மா.

"ஆகுதுதான். திட்டு வாங்கிக்கிறேன் விடுக்கா. ஒரு தலை குறைஞ்சிரக் கூடாதில்ல."

எண்ணுகிறவர் ஒவ்வொருவரிடமும் எங்கே போக வேண்டும் என்று கேட்டு எழுதினார். மற்றவர்கள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் கடகடவென்று ஒப்பித்தார்கள். தையல்காரம்மா "எங்க அக்காகிட்ட" என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பஸ் கிடைத்தது. ஆனால் நாளுக்கு ஒரே ஒரு நடைதான்: காலை ஏழரைக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்புவதா, மதியம் இரண்டுக்குப் போய் ஐந்துக்குத் திரும்புவதா, தெருவே சொல்லட்டும் என்றார்கள். இல்லத்தில் ஆட்களைப் பார்க்க விடுவது நாலு மணிக்குத்தான். மதியப் பஸ் தையல்காரம்மாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. காலைப் பஸ் என்றால் ஒரு நாள் வேலை முழுக்கப் போச்சு. பஞ்சர் கடையில் கூடினார்கள். காலைக்குக் கை தூக்கச் சொன்னபோது, தரை துடைக்கிறவளின் வீங்கிய பாதம் அவள் கண்ணில் பட்டது. கை தானாக மேலே போனது.

மூன்று கை வித்தியாசத்தில் காலை ஜெயித்தது. பஞ்சர் கடைக்காரருக்கு வந்ததே கோபம். "உனக்காகத்தானேம்மா நான் மத்தியானத்துக்குத் தூக்கினேன்! நீ என்னடான்னா அந்தப் பக்கம் சாஞ்சிட்ட?"

"தூக்கிட்டேன் அண்ணே, விடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

முதல் பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள். தரை துடைக்கிறவள் ஜன்னலோர இருக்கையைப் பிடித்து இவளை உட்காரவைத்தாள். கடைசி நிறுத்தத்தில் இவள் மட்டும் இறங்கியபோது மணி எட்டரை. "நாலு மணிக்கு வாங்கம்மா" என்றார் காவலாளி. சரி என்று எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கூடவே கொண்டுவந்திருந்த அடுத்தவர் துணிகளுக்குக் கொக்கி வைத்தாள், ஓரம் மடித்தாள். காத்திருப்பதில்தான் அவள் இப்போது தேறிவிட்டாளே.

பகல் ஏறியதும் யாரோ மாடி ஜன்னலைத் திறந்தார்கள். உள்ளே நாற்காலியில் ஒரு நரைத்த தலை, முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தக் கொண்டையை அவளுக்குத் தெரியாதா! "அக்கா" என்று வாய்வரை வந்தது. கூப்பிட்டு என்ன பயன்? அவள் எழுந்தாள். பையிலிருந்து சட்டையை உருவி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினாள். தைக்காத பக்கங்கள் இரண்டும் காற்றில் விரிந்து படபடத்தன. ஜன்னலைத் திறந்தவர் அதைப் பார்த்துவிட்டு அக்காவின் தோளைத் தட்டினார். மேலே, ஜன்னலுக்குள், அந்தத் தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது.