சத்தம் நிற்கும்வரை

அந்த வீட்டில் எல்லாமே தாழ்வாக இருந்தது. கதவுக் கைப்பிடி, விளக்குச் சுவிட்ச், சமையல் மேடை, அடுப்பின் திருகு, எல்லாம் என் இடுப்பு உயரம்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கை நீட்டினால் எட்டும் உயரம். என் மனைவி கெல்சியின் உயரம். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எங்கள் மகள் ஓபலுக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. விழாவுக்கு முந்தின நாள் வீட்டைச் சுற்றிப் பார்க்க அவளைக் கூட்டிப்போனேன். எதையும் எட்டிப் பிடிக்க அவள் எம்பவே இல்லை. நேராகக் கையை நீட்டினாள். பின்வாசலில் ஒரு பெரிய வெள்ளிப் பொத்தான் இருந்தது. தட்டினாள். கதவு தானாகத் திறந்துகொண்டது. அப்பால் புல், முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டை. செம்மண் கலங்கிய தண்ணீர். அடி தெரியாது.

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன்.

போரில் கால் போன, கண் போன சிப்பாய்களுக்கு வீடு கட்டித் தரும் அறக்கட்டளை அது. வங்கிக் கடன் இல்லை, மாதத் தவணை இல்லை, பத்திரம் நேராகக் குடும்பத்தின் பெயரில். கெல்சி ராணுவத்தில் சார்ஜெண்ட். சாலையில் புதைத்த குண்டுகளைத் தேடி எடுக்கும் பிரிவு. ஒரு குண்டில் இரண்டு காலும் தொடைக்கு மேலே போய்விட்டன. வீடு பாதி எழும்பியிருந்தபோது அவளுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நுரையீரலில் ரத்தம் கட்டிவிட்டது.

அறக்கட்டளையிலிருந்து மார்சி என்ற பெண் என்னைப் பார்க்க வந்தாள். "வீடு உங்களுக்குத்தான், எமெட். அதுல எந்த மாத்தமும் இல்ல. ஆனா இந்த உயரமெல்லாம் மாத்திடலாமா?"

"இருக்கட்டும்" என்றேன். 

சுவர்ப்பலகை அடிக்கும் முன்பு உள்ளே இருக்கும் மரச்சட்டங்களில் ஊர்க்காரர்கள் வந்து வாழ்த்து எழுதுவது வழக்கம். எல்லோரும் எழுதினார்கள். கெல்சி எழுதவில்லை. பென்சிலை வாங்கிக்கொண்டு நாற்காலியை அறை அறையாக உருட்டிப்போனாள். கையை நீட்டி, எட்டிய இடத்தில் கோடு கிழித்தாள். வீட்டைக் கட்டிய வெண்டெல் அந்தக் கோடுகளில்தான் ஒவ்வொன்றையும் பொருத்தினார். அதை எப்படி மாற்றச் சொல்வது?

விழா சனிக்கிழமை. கெல்சி போனதிலிருந்து நானும் ஓபலும் மாமியார் டார்லாவின் பண்ணையில்தான் இருந்தோம். அங்கிருந்து ஊர்வலமாகக் கூட்டிப்போனார்கள். முன்னால் தீயணைப்பு வண்டி, பின்னால் மோட்டார் சைக்கிள்கள். பெரும்பாலும் பழைய சிப்பாய்கள். வண்டியில் டார்லா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் புள்ளய வச்சுக்கிட்டு நீ தனியா என்ன பண்ணப் போற? நாள் முழுக்க மருந்துக் கடையில நிக்கிறவன்."

"பாத்துக்குவேன்."

"பாத்துக்குவேன், பாத்துக்குவேன். கேக்குறதுக்கெல்லாம் இதே பதில். பின்னால குட்டை இருக்கு, பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா வர்ற?"

 அதே கேள்வியைத்தான் இரவெல்லாம் நான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகும் மண்பாதையின் இருபுறமும் கொடி பிடித்து நின்றார்கள். இருநூறு பேர் இருக்கும். எங்கள் பக்கத்துக் காற்றில் அந்தப் பெரிய கொடிகள் பட் பட்டென்று அடித்துக்கொண்டன. புகையில் வெந்த மாட்டிறைச்சி வாசனை. ஜெனரேட்டர் உறுமியது. ஓபல் கையில் யாரோ சின்னக் கொடி ஒன்றைக் கொடுத்தார்கள். தாடி வயிறுவரை தொங்கிய ஒருவர் மண்டியிட்டு அவளிடம் கை குலுக்கினார்.

"தாத்தா, உங்க தாடிக்குள்ள குருவி இருக்கா?"

"ரெண்டு இருந்துச்சு கண்ணு. வீட்டுக் கடன் கட்ட முடியாம போன வாரம் காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்க."

அவள் தாடியை விலக்கிப் பார்த்தாள். பிறகு டார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மேடைக்குப் போக வேண்டியிருந்தது. பிரார்த்தனை. தேசிய கீதம். மார்சியின் பேச்சு. நான் ஓபலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெல்சியின் பெயர் வந்தபோது மட்டும் தரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் ஊர்ச் சங்கு ஊதியது. சூறாவளி வந்தால் எச்சரிக்க ஊதும் மின்சங்கு. சனிக்கிழமை நண்பகலில் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஊதுவார்கள். யாரும் தலையைத் திருப்பவில்லை. அதன் மேலே பேச முடியாது என்பதால் மார்சி ஒலிவாங்கியை இறக்கிக்கொண்டு நின்றாள். ஓய்ந்ததும், "நான் பேசுனது போதும்னு ஊரே சொல்லுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் சாவியைக் கொடுத்தாள். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒரே நேரத்தில் எஞ்சினை முறுக்கினார்கள். தீயணைப்பு வண்டி அலறியது. நிலம் அதிர்ந்தது.

டார்லா கைதட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும்.

மேடையிலிருந்து குதித்தேன். "ஓபல் எங்க?"

"உன்கிட்டதான வந்தா."

"என்கிட்ட வரல."

அவள் முகம் வெளிறியது.

வீட்டைச் சுற்றி ஓடினேன். பின்வாசல் திறந்து கிடந்தது. சக்கர நாற்காலி நிதானமாகக் கடக்கட்டும் என்று நெடுநேரம் திறந்தே நிற்கும்படி வைத்த கதவு. வாசலுக்கு வெளியே சின்னக் கொடி மண்ணில் கிடந்தது. அதற்கு நேரே குட்டை.

யார் முதலில் தண்ணீரில் இறங்கியது என்று தெரியவில்லை. டார்லா இடுப்பளவு நின்றுகொண்டிருந்தாள். நல்ல பாவாடை தண்ணீரில் உப்பி மிதந்தது. தாடிக்காரர் மூழ்கி எழுந்தார், மறுபடி மூழ்கினார். வயல் முழுக்க ஆட்கள் பரவி ஓபல், ஓபல் என்று கத்தினார்கள். மோட்டார் சைக்கிள்கள் வேலி ஓரமாகச் சாலைப் பக்கம் விரைந்தன. தீயணைப்புக்காரர்கள் நீளக் கம்பிகளைக் கொண்டுவந்தார்கள், முனையில் கொக்கி. அந்தக் கொக்கியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.  

கரைச்சேற்றைப் பார்த்தேன். மாட்டுக் குளம்புத் தடங்கள். எங்கள் பூட்ஸ் தடங்கள். சின்னப் பாதம் எங்கேயும் இல்லை. இல்லாதது நல்லதா, நாங்கள் மிதித்து அழித்துவிட்டோமா? தெரியவில்லை.

மார்சி டார்லாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கடைசியா எப்பப் பாத்தீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"என் கையப் புடிச்சிட்டிருந்தா. சங்கு ஊதுனப்ப கைய உருவிக்கிட்டா. அவங்கப்பன்கிட்ட போறான்னு நெனச்சேன்."

சங்கு.

சனிக்கிழமைகளில் நான் கடையில் இருப்பேன். ஊருக்குள் நாங்கள் முன்பு இருந்த வீட்டில் கெல்சியும் ஓபலும் மட்டும். சோதனைச் சங்கு ஊதும்போதெல்லாம் இருவரும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பழகுகிறோம் என்று கெல்சி ஒருமுறை சொன்னாள். காலில்லாதவள் நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்று பார்க்க. டார்லாவின் பண்ணைக்கு ஊர்ச் சங்கு கேட்காது. ஐந்து மாதமாக ஓபல் அதைக் கேட்கவில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த இருநூறு பேர் அங்கே நின்றோம். கேட்டும் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். பின்வாசலுக்கு வெளியிலும் அதே பொத்தான் உண்டு, அவள் அதைத் தட்டி உள்ளே போயிருக்கிறாள். நடையின் முடிவில், சூறாவளிக்குத் தப்பி ஒதுங்கும் அறை. நாலு பக்கமும் எஃகு. முந்தின நாள் அவளுக்கு நானே திறந்து காட்டியிருந்தேன். இப்போது சாத்தியிருந்தது. இழுத்தேன். அசையவில்லை.

வெண்டெல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "உள்ள இருந்துதான் தெறக்கும் தம்பி. காத்து பேத்துட்டுப் போயிடக் கூடாதுல்ல, அதான். ஒரே நெம்புகோல். கெல்சி ஒரு கையால போடற மாதிரி வச்சேன்."

"அறுங்க."

"அறுக்கலாம். நேரமாகும். தீப்பொறி உள்ள தெறிக்கும். புள்ள கதவ ஒட்டித்தான் நிப்பா."

"மூச்சு?"

"கீழ காத்துத் துளை இருக்கு."

தரையில் படுத்துத் துளையில் வாயை வைத்தேன். "ஓபல்."

ஒன்றுமில்லை. விரல் கதவில் நசுங்கி மயங்கியிருப்பாளோ? உள்ளேயே இல்லையோ? கதவு தானாகப் பூட்டிக்கொண்டதோ? நான் இங்கே படுத்திருக்க, அவள் குட்டையில்...

"ஓபல். அப்பா."

துணி உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் ரகசியமாக ஒரு குரல். "கத்தாத."

"சங்கு முடிஞ்சிருச்சுடா. கதவத் தெற."

"மாட்டேன். இன்னும் சத்தம் கேக்குது."

"அது மோட்டார் சைக்கிள். காத்து இல்ல."

"காத்து எல்லா மாதிரியும் கத்தும். ரயிலு மாதிரி கத்தும். ஆளுங்க மாதிரி பேரு சொல்லிக் கூப்புடும். போகக் கூடாது. எதுவுமே கேக்காதப்பதான் தெறக்கணும். அம்மா சொல்லிருக்கா."

"நான் அப்பாடா."

 "அப்பா மாதிரியும் கூப்புடும்" என்றாள். 

அது கெல்சியின் பேச்சு. யாரோ கூப்பிட்டதாக நினைத்து எழுந்துபோன இடத்தில்தான் அவளுடைய கால்கள் போயின. எனக்கு அதைச் சொல்லியிருக்கிறாள். குழந்தைக்கும் சொல்லிவைத்திருக்கிறாள் என்று தெரியாது. இனி நான் எதைச் சொன்னாலும் அது காற்றின் குரல்தான்.

எழுந்து நின்றேன். வெளியே அவள் பெயரைச் சொல்லி வயல் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். மார்சியிடம், "எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றேன். "வண்டி, பேச்சு, எல்லாம். ஒரு சின்னச் சத்தம்கூடக் கூடாது. யாரும் அவ பேரச் சொல்லக் கூடாது."

அவள் காரணம் கேட்கவில்லை. ஓடினாள்.

மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. தீயணைப்பு வண்டி நின்றது. ஜெனரேட்டர் இருமி ஓய்ந்தது. கொடிகள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாதை நெடுக நின்றவர்கள் கொடியை இழுத்துச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டி முனகியது. வெண்டெல் போய் மின்சாரத்தைத் துண்டித்தார். டார்லா ஈரத்தோடு நடையில் வந்து நின்றாள். பாவாடையிலிருந்து செம்மண் தண்ணீர் தரையில் சொட்டியது. அவள் குனிந்து துணியை முறுக்கிக் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சத்தமும் இல்லை. நான் வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டேன், மூக்கு சீறக் கூடாது என்று.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே இரும்பு கிறீச்சிட்டது. நெம்புகோல். பாதி எழும்பி மறுபடி விழுந்தது. ஒரு சின்ன முனகல். மறுபடி எழும்பியது, விழுந்தது. கீழே தள்ளுவது சுலபம், உடம்பைக் கொடுத்துத் தொங்கினால் போதும். தூக்குவது அப்படி இல்லை. தோளைக் கீழே கொடுத்துத் தூக்கு என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாது. சொன்னால் கையை எடுத்துவிடுவாள். வெண்டெல் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். டார்லா என் சட்டையைப் பற்றியிருந்தாள்.

உள்ளே ஓபல் அழ ஆரம்பித்தாள். சத்தம் வராமல் அழுகிறாள். மூச்சு இழுப்பதில் தெரிந்தது.

அப்புறம் அதுவும் நின்றது.

என் வாழ்க்கையில் அதைவிட மோசமான அமைதியை நான் கேட்டதில்லை.

கதவு டக்கென்று கழன்றது. ஒரு கை அகலம் திறந்தது. இருட்டில் அவள் முகம். நெற்றியில் வியர்வையில் ஒட்டிய முடி. முழங்காலில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் வரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ வெளியவா நின்ன?"

"ஆமா."

"வெளிய நிக்கக் கூடாதுப்பா. தூக்கிட்டுப் போயிடும்."

"தெரியாம நின்னுட்டேன்."

டார்லா சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் இன்னிக்கே என்கூட வந்துருங்க. இந்த வீடு வேணாம் எமெட். எனக்கு நெஞ்சு தாங்காது."

வெண்டெல் தொண்டையைச் செருமினார். "எல்லாத்தையும் ஒசத்தி வச்சிடறேன் தம்பி. ஒரு வாரம் குடு. புள்ளைக்கு எட்டாத மாதிரி."

நெம்புகோலைப் பார்த்தேன். "பின்வாசல் பொத்தான மட்டும் ஒசத்துங்க. இன்னிக்கே. அடுப்பையும்."

"இது?"

"இது அவளுக்கு எட்டணும்."

டார்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஓபல் என் விரலைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குக் காற்று இன்னும் ஓயவில்லை போலிருந்தது. உள்ளே போனேன். அவள் கதவைச் சாத்தி நெம்புகோலில் தொங்கினாள். கும்மிருட்டு. எஃகு வாசனை. என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது.

"இங்க உக்காரு. தலைய இப்பிடி வச்சிக்கோ. பேசக் கூடாது."

தலையை முழங்காலில் வைத்துக்கொண்டேன். அவள் என் கழுத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. 

"ஏதாச்சும் கேக்குதா?" என்று கொஞ்ச நேரம் கழித்து ரகசியமாகக் கேட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை. முடிந்துவிட்டது என்று யாரும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளியே இருநூறு பேர் கொடியை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருப்பார்கள்.

"இல்ல" என்றேன்.

"அப்ப தெறக்கலாம்."

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.