குடும்பத் தலைவர் பெயர்

அக்கா என்றால் பேரைச் சொல்லலாம். தம்பி பேரைச் சொல்வதில் என்ன இருக்கிறது? வாய் நிறையச் சொல்லலாம். தெருமுனையிலிருந்து கத்திக் கூப்பிடலாம். மூன்று வருஷமாக இந்த ஊரில் அக்காவாகத்தானே இருக்கிறேன். பிறகு ஏன் அந்தப் பேர் வாயில் வரமாட்டேன் என்கிறது?

விருத்தாம்பாள் முறத்தில் மல்லாட்டைப் பருப்பைப் பரப்பிச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாசி மாதம். செஞ்சியில் அந்த மாதம் எல்லார் வீட்டிலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைதான். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உடைக்கிற மிஷின்கள் காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்தன. திருவண்ணாமலை சாலையில் மூட்டை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காற்றில் பறந்த செந்தோல், ராஜகிரி மலையின் பாறைகளைக்கூட மங்கலாக்கியிருந்தது.

அது 1961. வாத்தியார் தங்கராசு ஜனக்கணக்கு எழுதத் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தார். இவர்கள் கதவில் 43 என்று தாரால் எழுதியிருந்தது. இன்று மத்தியானம் இந்த வரிசை.

நேற்றுக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீராசாமி அவள் முன்னால் வந்து குந்தினான். அவன் அப்படிக் குந்தி வெகு நாளாயிற்று.

"இந்தா, அந்த வாத்தியான் சூட்டிகையான ஆளு. பொம்பளைங்க கிட்டயே கேட்டு எழுதறானாம். நீ இன்னா பண்ற, அவன் கேக்கும்போது என் பேரச் சொல்லிடு. ஒரே ஒரு வாட்டி. அக்கான்னு அவனே எழுதிக்கினு போயிடுவான்."

"புருஷன் எங்கன்னு கேட்டா?"

"வுட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லு." சொன்ன பிறகு அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு சம்சாரம்னு காயிதத்துல ஏறிச்சுன்னா சர்க்கார் வேல பூடும். ரெண்டு பேருக்கும்தான் சோறு இல்ல. யோசிச்சுக்கோ."

அவனுக்கு சர்க்கார் கிடங்கில் எடை போடுகிற வேலை. விருத்தாம்பாளைக் கட்டிப் பதினாறு வருஷமாகியும் குழந்தை இல்லாததால் பனமலையிலிருந்து சாமுண்டீஸ்வரியைக் கட்டிக்கொண்டான். பெண் பார்க்கப் போனவளே விருத்தாம்பாள்தான். ஏரிக்கரையில் நின்ற பெண்ணைப் பார்த்து, 'நல்ல உடம்பு' என்று சொன்னவளும் அவள்தான். அன்றைக்கு அழவில்லை. ஏன் அழவில்லை என்பது இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை. பிறகு செஞ்சிக்கு மாற்றல் வந்தது. புது ஊர், புது ஆபீஸ். 'எங்க அக்கா' என்று அவன் யாரிடமோ ஒரு நாள் சொன்னான். அவள் மறுக்கவில்லை. தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

புருஷன் விட்டுவிட்டான் என்று சொன்னால் அது பொய்யா? அதுவும் புரியவில்லை. தினமும் அவன் தட்டில் சோறு போடுகிறாள். விட்டுவிட்டவனுக்கு யாராவது சோறு போடுவார்களா? ஆனால் விடாதவன் இப்படியா இருப்பான்?

"அக்கா, நாக்காலி."

பின்தெருக் கமர் ஜஹான் மர நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வாத்தியார் உட்கார வீராசாமி கேட்டிருந்தது. தொண்டூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்து வாத்தியாரானவர் தங்கராசு. இந்தத் தெருவில் பல வீடுகளில் அவரை வாசலில் நிற்க வைத்தே பதில் சொன்னார்கள். வீராசாமியும் வேறு நாளாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான்.

"பாத்து வைக்கா. ஒரு காலு ஆடும்."

"ஒங்க வூட்ட எழுதிட்டாரா?"

"அந்தக் கூத்த ஏன் கேக்குற. வூட்டுக்காரர் பேரு இன்னாம்மான்னாரு. நான் எப்டி சொல்றது? பொண்ண இஸ்தாந்து நிறுத்தினேன். அது 'அத்தா, அத்தா'ன்னுது. அதுக்கு மேல அதுக்குத் தெரியல. கடசில, பாத்திரத்துக்கு ஈயம் பூசுற கடைல பேரு எழுதித் தொங்குது, அதப் போயி பாத்துக்குங்கன்னுட்டேன்."

"போனாரா?"

"போயி ஹுசைன்னு எழுதிக்கினு வந்தாரு. இந்தச் செஞ்சில ஒரு பொம்பள வாயத் தொறக்கலம்மா, எல்லா ஆம்பளையும் சீட்டுல பேரில்லாமதான் மெட்ராசுக்குப் போவப்போறான்னு சிரிக்கிறாரு." கமர் ஜஹான் நாற்காலியின் ஆடுகிற காலுக்கு ஓர் ஓட்டுச்சில்லைச் செருகினாள். குனிந்தபடியே சொன்னாள்: "ஒனக்கின்னாக்கா. தம்பி பேரு. பட்டுனு சொல்லிடுவே."

அவளுக்குத் தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

காலையில் குளத்தில் துணி அலசும்போது விருத்தாம்பாள் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. எதிரே மலையும் கோட்டைச் சுவரும்தான். முதல் எழுத்து வந்தது. அதற்கு மேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மண்டியில் அதே பேரில் இன்னொருவர் இருந்தார். அவரைக்கூட 'அவங்க பேருக்காரரு' என்றுதான் சொல்வாள். மனசுக்குள் அந்தப் பேர் தெளிவாக ஓடியது. வாய்க்கு மட்டும் வரவில்லை. இது மரியாதையா? அவன்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை மிச்சமில்லை. பாசமா? இருந்தால் இந்நேரம் தெரிந்திருக்காதா? வெறும் பழக்கம்தான் என்றால் ஒரு நாள் விட்டால் போகிறது. ஆனால் அதை விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தபோது, கையிலிருந்த துணி நழுவிப் படியிறங்கிப் போயிற்று.

சாமுண்டீஸ்வரி குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டாள். ஒன்றரை வயசுப் பெண். இவள் மடியில்தான் தூங்கும்.

"அக்கா."

"இன்னா?"

"நீ சொல்லலன்னா எனக்கு ஒண்ணும் கோவமில்ல." சாமுண்டீஸ்வரி கதவோரமாக நின்றாள். "இவள மட்டும் நெனச்சுக்கோ."

தங்கராசு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அரை நாள் லீவு போட்டிருந்த வீராசாமி எதிர்கொண்டு அழைத்தான். "உள்ள வாங்க சார். ஒக்காருங்க சார்." வாத்தியார் நாற்காலியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"செஞ்சி இந்த வாட்டி டவுனாயிடுமா சார்?"

"வெவசாயத்த விட மத்த வேல ஜாஸ்தி இருக்கணும். இங்க இன்னான்னா காலைல ஏர் ஓட்டுறாரு, மத்தியானம் மண்டில நிக்கிறாரு. கேட்டா ரெண்டும் நான்தாங்கிறாரு. எதுல எழுதறதுன்னே புரியல." சீட்டுகளைத் தொடைமேல் அட்டையில் வைத்துக்கொண்டார். "பயப்படாம சொல்லுங்க. இது எந்த ஆபீசுக்கும் போவாது. நான் வெளில சொன்னா என்னத்தான் புடிப்பாங்க."

வீராசாமி தலையாட்டினான். நம்பவில்லை என்பது அவன் விறைத்த கழுத்தில் தெரிந்தது.

அவன் வயசு, வேலை எல்லாம் எழுதியாயிற்று. வாத்தியார் கதவுப் பக்கம் திரும்பினார். "நீங்கம்மா? வூட்டுக்காரர் பேரு சொல்லுங்க."

சாமுண்டீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள்.

"சரிதான்," என்று சிரித்துக்கொண்டே வாத்தியார் எழுதினார். "மனைவி. இதுக்கு மேல சாட்சி எதுக்கு?"

எவ்வளவு சுலபம் என்று விருத்தாம்பாள் நினைத்தாள். ஒன்றும் சொல்லாமலே ஒருத்தி மனைவியாகிவிட்டாள். பேரைச் சொன்னால் இன்னொருத்தி அக்காவாகிவிடலாம். அதுவும் சுலபம்தான்.

"இவங்க?"

"எங்க அக்கா சார். புருஷன் வுட்டுட்டான். எங்களோடதான் இருக்குது."

வாத்தியார் எழுதுகோலை எடுத்துச் சீட்டில் வைக்கப்போனார். பிறகு பழக்கத்தில் கேட்டார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. காலைலேருந்து ஒரு பொம்பள வாயால ஒரு பேரு கேக்கல. குடும்பத் தலைவர், ஒங்க தம்பி, அவரு பேரு இன்னா?"

மிஷின் சத்தம் திடீரென்று நின்றது. சாப்பாட்டு நேரம். வீராசாமி அவளைப் பார்த்தான். பயந்த முகம். அவன் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு தரம் அவனை இப்படிப் பார்த்திருக்கிறாள். பாவமாகத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் வளையல் அசைந்து நின்றது. மடியில் குழந்தை அவள் விரலைப் பிடித்தபடி தூங்கியது. சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. வாயைத் திறந்தாள். பேர் நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. காலையில் ஒட்டியது போல இப்போது ஒட்டவில்லை. சொன்னால் வந்துவிடும் என்று தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

முறத்தில் ஒரு சொத்தைப் பருப்பு கண்ணில் பட்டது. அதைப் பொறுக்கி ஓரத்தில் போட்டாள்.

"அத நான் சொல்றதில்லீங்க," என்றாள்.