கறுப்பியின் கழுத்துத் தகரம்

எண்பத்தொன்றாம் வருஷப் பொங்கலுக்கு முன்பே எங்கள் மாட்டைப் பக்கத்து ஊரான திரிங்காப்பின் காய்கறித் தோட்டக்காரருக்கு விற்றுவிட்டோம். அதற்காக மாட்டுப் பொங்கலன்று சும்மா இருப்பாரா என் வீட்டுக்காரர் நாகப்பன்? நாய் கறுப்பியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, புதுக்கயிறு கட்டினார். பழைய கயிறு வீட்டில் தங்கக் கூடாதென்று வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். நாய் லைசென்ஸ் தகரம் அந்தக் கயிற்றில்தான் தொங்கியது.

மறுநாள் காலையில் மேல் லயத்து வீடுகள் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வெறிநாய்ப் பயத்தால், தகரம் இல்லாத நாயையெல்லாம் சுடச் சொல்லியிருந்தார் எஸ்டேட் மேனேஜர் துரை. கறுப்பியோ வீட்டில் இல்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். கோலாலம்பூரில் படிக்கும் மகள் சரோஜா அசையாமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்படி என்னத்தைத்தான் படிக்கிறாய் என்று அவள்மேல் பாய்ந்தேன்.

பாக்டீரியா என்ற கிருமியைப் பற்றியாம். வைரஸின் டிஎன்ஏ உள்ளே நுழைந்தால் வெட்டிப்போட, கிருமியிடம் கத்தரி மாதிரி ஒரு நொதி இருக்கிறதாம். அது வெட்டும் இடங்கள் கிருமியின் சொந்த டிஎன்ஏவிலும் உண்டாம். அங்கெல்லாம் சின்னதாக ஓர் அடையாளம் ஒட்டிவைத்திருக்குமாம். அதைக் கண்டால் கத்தரி விட்டுவிடுமாம்.

அடையாளம் விட்டுப்போனால் என்னாகும் என்று கேட்டேன்.

"சொந்தம்னு பாக்காதும்மா. வெட்டிரும்."

புத்தகத்தைப் பிடுங்கி மூடினேன். "சுடுறது நம்ம வாட்ச்மேன் ஆண்டியப்பன் அண்ணன்டி. தினமும் கறுப்பிக்கு ரொட்டி போடுறவரு. கத்தரியா அவரு? மனுஷன்லா!"

சொல்லிவிட்டேனே தவிர, கை தானாக அடுப்புச் சாம்பலைக் கிளறியது. தகரம் கிடைத்தது. கரியேறியிருந்தாலும் நம்பர் தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

தேயிலை ஸ்டோர் முன்னால் அண்ணன் துப்பாக்கியோடு நின்றார். பக்கத்தில் எஸ்டேட் ஆபீஸ் கணக்குப்பிள்ளை, கிராணி. பாழாய்ப்போன கறுப்பி, அண்ணனைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு அவரிடமே ஓடியது. கிராணி அதன் கழுத்தைப் பார்த்து அண்ணனிடம் ஏதோ சொன்னார்.

தகரத்தை உயர்த்திப் பிடித்துக் கத்தினேன்.

"அண்ணே, தகரம் இருக்குண்ணே!"

வெடிச் சத்தம் முந்திக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கிராணி நகர்ந்துவிட்டார். அண்ணன் என் கையிலிருந்த தகரத்தைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, அன்றைக்குக் கறுப்பிக்கு வைத்திருந்த ரொட்டியை எடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.