அரைக் கிண்ணம்

கார்க் கண்ணாடி இறங்கிக்கொண்டிருக்கிறது, பாதி இறங்கியதும் என் விரல் தானாக நின்றுவிடுகிறது, அந்தப் பாதி இடைவெளி வழியாகத்தான் ஒரு வருடமாக என் சாயங்காலங்கள் உள்ளே வந்து வெளியே போயிருக்கின்றன, வியர்த்த கண்ணாடித் தம்ளரில் மஞ்சளாய்ப் பாதாம்பால், அது தீர்ந்ததும் இன்னொன்று, பிறகு காகிதத் தட்டில் பிசுபிசுக்கும் தேன் கேக், யாராவது தெரிந்தவர்கள் சாலையில் போனால் தம்ளரைக் கால்களுக்கு நடுவில் இறக்கிவிட்டு முன்னால் வெறித்துப் பார்ப்பேன், இன்று மட்டும் பக்கத்து இருக்கை காலியாக இல்லை, என் மனைவி பாவாத்தாள் உட்கார்ந்திருக்கிறாள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே அழைத்து வந்துவிட்டேன், முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கிறது, சீட் பெல்ட் அவள் மேல் பட்டும் படாமலும் தொங்குகிறது, முப்பத்தெட்டு கிலோ என்று நேற்று எழுதினார்கள், ஏனுங்க, இங்கென்னத்துக்கு நிறுத்துனீங்க, ஊட்டுக்குப் போலாமுங்க என்கிறாள், கொஞ்சம் இரு என்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, தாராபுரம் சாலையில் லாரிகள் போகின்றன, பேக்கரிக்குள்ளிருந்து கடைக்காரர் வர்கீஸ் இன்னும் என்னைப் பார்க்கவில்லை, இப்போதுகூட வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாம்.

போய்விடலாம் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், கோயமுத்தூரில் அந்த டாக்டர் ஒரு காகிதத்தில் இரைப்பையை வரைந்து, நடுவே ஒரு கோடு கிழித்து, இவ்வளவும் எடுத்துடுவோமுங்க, மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்குத்தான் இருக்கும் என்று சொன்ன அன்றைக்கு, நூற்று முப்பத்தொரு கிலோவாக இரண்டு நாற்காலிகளின் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சர்க்கரை, முட்டி வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது எல்லாம் இருந்தன, ஆனால் என்னைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தது அவை எதுவும் இல்லை, கோயில் கமிட்டியில் எனக்கென்று தனியாக ஒரு இரும்பு நாற்காலி போட்டார்கள், மரியாதைக்குப் போடுகிறார்கள் என்று மூன்று மாதம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், பிளாஸ்டிக் சேரு அவரத் தாங்காதப்பா என்று ஒருவன் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தது காதில் விழுகிறவரைக்கும். எங்கள் குடும்பம் ஊருக்குத் தீர்ப்புச் சொன்ன குடும்பம், என் அப்பா கிருத்திகைக்குக் கிருத்திகை பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவர், அவர் மகன் வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று ஊர் பேசுமா, பேச விடுவேனா, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றுதான் வெளியில் சொன்னோம், மகன் தனபாலும் மகள் கோகிலாவும் பாவாத்தாளும் மட்டும் அறிவார்கள், சம்பந்தி வீட்டுக்குக்கூடத் தெரியாது.

உணவு முறை சொல்லிக் கொடுக்க ஒரு பெண் வந்தாள், கோகிலாவைவிடப் பத்து வயது குறைவாக இருப்பாள், ஐயா, ஆபரேஷன் பாதி வேலைதானுங்க, மீதிப் பாதி உங்க கையிலதான், எறங்குற எடையில கொஞ்சம் ரெண்டாம் வருசம் திரும்பி வரும், தோல் தொங்கும், எளவயசு உடம்பு வராதுங்க, அதையெல்லாம் இப்பவே மனசுல வெச்சுக்கோங்க, முக்கியமா இனிப்புப் பால், ஐஸ்கிரீம், அது வயித்துல நிக்காம வழுக்கீட்டுப் போயிரும், அதுதான் ஆபத்து என்றாள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் மூஞ்சியைப் பார்த்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இந்தச் சின்னப் பெண் யார் என்று நினைத்தேன், பாவாத்தாள்தான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள், அம்மணி, அரைக் கிண்ணம்னா எந்தக் கிண்ணமுங்க, தலை தட்டியா, கோபுரமாவா என்று கேட்டாள், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு அளவுக் கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள், என் கையில் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன், எனக்குச் சமையலறையில் தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

மயக்க ஊசி போட்டபோது, அது கனவா நினைவா என்று இன்றைக்கும் தெரியவில்லை, என் கல்யாணப் போட்டோவில் இருக்கிறவன் என் உடம்பிலிருந்து எழுந்தான், இருபத்துநாலு வயது, அகன்ற மார்பு, ஒட்டிய வயிறு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து நடந்து போனான், போய்விட்டு வருவான் என்று நினைத்தேன், கண் விழித்ததிலிருந்து அவனுக்காகத்தான் காத்திருந்தேன், ஏழாம் மாதம் தொண்ணூற்றெட்டு கிலோவுக்கு இறங்கிய அன்றைக்கு அறையைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றினேன், அவன் வரவில்லை, காலிச் சாக்குப் போலத் தோல் தொங்கும் ஒரு கிழவன் நின்றான், மாத்திரை குறைந்திருந்தது, முட்டி மடங்கியது, இராத்திரி மூச்சு சீராக ஓடியது, அதெல்லாம் அந்தக் கண்ணாடியில் தெரியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன், அந்த வாரத்தில் ஒரு நாள் வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இந்தக் கடை முன்னால் தண்ணீர் கேட்டு நிறுத்தினேன், கடைக்காரர் வர்கீஸ் பாதாம்பால் கொண்டுவந்தார், பால்தானே, தண்ணிச் சாப்பாடுதானே, டாக்டரே முதல் மாதம் அதைத்தானே குடிக்கச் சொன்னார் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன், அந்தப் பெண் சொன்னது நிஜம், நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, என் அம்மா காலத்திலிருந்து, ஆம்பளை எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள், ஆம்பளை சாப்பிட்டதைவிட ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்ள மாட்டார்கள், இரண்டாம் முறை சோறு வாங்கிய பெண் இந்த வீட்டில் கிடையாது என்று கல்யாணப் பந்திகளில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், நான் ஆறு இட்லி சாப்பிட்ட காலத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை, பாவாத்தாள் மூன்று சாப்பிட்டாள், நன்றாக இருந்தாள், ஆபரேஷனுக்குப் பிறகு நான் அரைக் கிண்ணம் கூழ் குடித்துவிட்டு எழுந்தேன், அவளும் அதே கிண்ணத்தில் அதே அளவு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள், என் சத்து மாவைத் தொட மாட்டாள், அது உங்க மருந்துங்க என்பாள், நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய், பார்த்தேன், இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தியா என்று என் நெஞ்சு நிமிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்பாள், எனக்கு என் வயிறு மறைக்கும் என்பதால் அவள்தான் என் காலடியில் குந்தி எண்ணைப் படிப்பாள், நூற்று ஒன்று, நூற்று நான்கு, நூற்று ஏழு, படிக்கும்போது அவள் குரல் தேர்வில் தோற்ற பிள்ளையின் குரல் போல இருக்கும், ஏனுங்க, என்ர அளவுலதான் எங்கியோ தப்புதுங்க, தலை தட்டறேன்னு நெனச்சுக் கூட ஊத்திப் போடறேனாட்ட இருக்குது, இன்னிக்கிருந்து கால் பங்கு கொறைச்சுப் போடறேனுங்க என்றாள், நான் எடை இயந்திரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன், கீழே அவள் உச்சந்தலை, வகிட்டில் முடி கொட்டி அகன்றுபோயிருந்தது, அப்போது சொல்லியிருக்கலாம், வாயில் வார்த்தை இருந்தது, சரி, பார்த்து அளந்து போடு என்றேன். அதைத்தான் சொன்னேன். அடுத்த மாதம் இன்னும் குறைத்தாள், எனக்குக் குறைத்தால் அவளுக்கும் குறைந்தது, நான் சாயங்காலம் ஆனால் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்தேன், வயிறு நிறைந்து வந்து, இராத்திரிக்கு எனக்கு வேண்டாம் என்றேன், ஆம்பளை வேண்டாமென்று சொன்ன வேளையில் அவளும் அடுப்பை அணைத்தாள், மாமனார் உபவாசம் இருந்த ஊடு இது, நானும் இருந்துக்கறேனுங்க என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

போன வாரம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்துகிடந்தாள், தூக்கினேன், முட்டி வலிக்காரன், அறுபத்தெட்டு வயதுக்காரன், ஒரே மூச்சில் தூக்கிவிட்டேன், அப்போதுதான் பயந்தேன், கையில் ஒரு நனைந்த புடவை மட்டும்தான் இருப்பது போல இருந்தது. ரத்தம் ஆறுதான் இருக்குது, ஒடம்புல புரதமே இல்ல, இப்படியே போனா இருதயம் தாங்காது, இந்தம்மா என்னதான் சாப்பிடறாங்க என்று டாக்டர் கேட்டார், தனபால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான், ஏம்மா, ஆபரேசன் அப்பாவுக்கா உனக்கா, அவரு வயித்துல எடமில்ல, உனக்கென்ன கேடு, பாவாத்தாள் அவனைத்தான் அடக்கினாள், சத்தம் போடாதறா, அவுரு அரைக் கிண்ணம் குடிச்சுட்டு எந்திரிக்கையில நான் மட்டும் தட்டு நெறையப் போட்டுட்டு உக்கோரட்டுமா, தொண்டைல எறங்குமாடா, டிரிப்ஸ் ஏறிய இரண்டு நாளும் இட்லி கொண்டுவந்தார்கள், பாதி தின்றுவிட்டு, அப்பா என்ன சாப்பிட்டாரு என்று கேட்டாள், அவர் சாப்பிட்டார் நீ சாப்பிடு என்றார்கள், மீதியை மூடி வைத்தாள், இந்தப் பாவத்துக்குப் பயந்து மூன்றாம் நாள் நான் எழுந்து நின்றேன், ஊர்ச் சபையில் நிற்கிற மாதிரித்தான் நின்றேன், எனக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியாது, நான் திருட்டுத்தனமாகத் தின்றேன், ஒரு வருடமாக, பேக்கரியில், தினமும், அவள் அளவில் தப்பில்லை, தப்பு என்னுடையது என்றேன்.

யாரும் நம்பவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை, திட்டுவார்கள், தனபால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், எல்லாவற்றுக்கும் நெஞ்சைத் தயார் செய்திருந்தேன், கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்பா, அம்மா சாப்பிடோணும்னு நீங்க பழிய எடுத்துத் தலைல போட்டுக்கறீங்க, உங்களத் தெரியாதாப்பா எங்களுக்கு, தனபாலும் தலை குனிந்து கண்ணைத் துடைத்தான், பாவாத்தாள் சிரித்தாள், பல் மட்டும் பெரிதாகத் தெரிந்த அந்தச் சிரிப்பு, இத்தன வயசுக்கு மேல பொய் சொல்லப் பழகறீங்களாக்கு, உங்களுக்கு வரலீங்க, உட்டுருங்க என்றாள். நாற்பத்துநான்கு வருடமாக நான் கட்டிக் காத்த பேர் சுவர் மாதிரி எழுந்து அவளுக்கும் சோற்றுக்கும் நடுவில் நிற்கிறது, என் கையால் கட்டிய சுவர், நானே முட்டினாலும் இடிய மறுக்கிறது, அன்று மாலையும் அரை இட்லியை மூடி வைத்தாள், அவரு மனசு நொந்து பேசறாரு, அவருக்கு ஏதாச்சும் குடிக்கக் குடுங்க கண்ணு என்று கோகிலாவிடம் சொன்னாள்.

அதனால்தான் இங்கே நிறுத்தினேன், வர்கீஸ் பார்த்துவிட்டார், தோளில் துண்டோடு ஓட்டமும் நடையுமாக வருகிறார், ஐயா, நாலஞ்சு நாளாக் காணலையே, உடம்புக்கு என்னமோன்னு நெனச்சுட்டேன், வழக்கம்போலதானே, ரெண்டு பாதாம்பாலு, ஒரு ஹனி கேக்கு என்று குனிந்தவர் அவளைப் பார்த்ததும் துண்டை இறக்குகிறார், அய்யோ, அம்மாவா, வணக்கம்மா, ஐயா உங்களக் கூட்டீட்டு வந்ததே இல்ல, பாவாத்தாள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கிறாள், எத்தன நாளா வர்றாருங்க, ஒரு வருஷம் ஆச்சும்மா, மழையானாலும் வந்துருவாரு, ஞாயித்துக்கெழம மட்டும் வரமாட்டாரு, கோயிலுக்குப் போவாரோ என்னமோ, நானும் கேட்டதில்ல. அவர் போய்விட்டார், லாரி ஒன்று போனது, கார் லேசாக ஆடியது, அவள் அழுதால் நன்றாக இருக்கும், அழவில்லை, மடியில் இரண்டு உள்ளங்கைகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்க்கிறாள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அளவு தப்புகிற கைகளை. அப்பக் கிண்ணத்துல தப்பு இல்லீங்களா என்று கேட்கிறாள், இல்லை என்கிறேன், என்ர கையிலயும் இல்லீங்களா, இல்லை பாவாத்தா, இல்லை, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உங்க காலடில உக்கோந்து படிச்சனே, அப்பவும் உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியும். தெரியும் என்று சொன்ன வாயை மூட முடியாமல் வைத்திருக்கிறேன், என்னைத் திட்டு என்று கெஞ்ச வருகிறது, எனக்குக் கெஞ்சியும் பழக்கமில்லை.

வர்கீஸ் என் பக்கத்துப் பாதி இடைவெளி வழியாகத் தம்ளரை நீட்டுகிறார், என் கை பழக்கத்தில் போகிறது, அத இப்படிக் குடுங்க என்கிறாள், கொடுக்கிறேன், இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள், தொண்டை ஏறி இறங்குவது தோலுக்கு மேலேயே தெரிகிறது, பாதியில் நிறுத்திக் கண்ணை மூடுகிறாள், வாந்தி எடுத்துவிடுவாளோ, சுருங்கிப்போன வயிறு ஏற்காமல் போய்விடுமோ, தாமதமாகிவிட்டதோ, கண்ணைத் திறந்து மீதியையும் குடிக்கிறாள், அடியில் கிடந்த பருப்பை விரலால் வழித்துத் தின்கிறாள், இவருக்கு வேண்டாமுங்க, இன்னொண்ணையும் எனக்கே குடுத்துருங்க என்று என்னைத் தாண்டி அவரிடம் சொல்கிறாள், நான் வெறும் வாயோடு உட்கார்ந்திருக்கும்போது, எங்கள் வம்சத்தில் முதல் முறையாக ஒரு பெண் இரண்டாவது கேட்கிறாள், நாளைக்கிருந்து உங்க கிண்ணத்த நீங்களே அளந்துக்கோங்க, மிசின்ல ஏறி நீங்களே குனிஞ்சு பாத்துக்கோங்க, என்னால ஆகாதுங்க, சொல்லிவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கத் தடவுகிறாள், எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை, நான் அமுக்குகிறேன், அவள் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நிற்காமல் முழுக்க இறங்குகிறது, சாலைப் புழுதியும் வெயிலும் எல்லாருடைய பார்வையும் உள்ளே வருகின்றன, வர்கீஸ் தம்ளரோடு காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார்.