அப்பா ரிசீவரை எடுக்காதிருந்தால்

1

மதிப்பிற்குரிய வாசகரே, இக்கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறையாகும். பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பும் எண்ணத்துடன் மின்னஞ்சல் மென்பொருளிலேயே இதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். முதல் பத்தியின் நடுவில், சேமிப்பதாக எண்ணி 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டேன். அன்று முதல் அம்மென்பொருள், எங்கள் வீட்டின் ஒரே தொலைபேசி இணைப்பில் தானாகவே எண்களைச் சுழற்றி, கதையை அனுப்ப முயன்றுகொண்டிருக்கிறது. இரண்டு முயற்சிகளுக்கு இடையே கிடைக்கும் அமைதியில் அதே கடிதத்தைத் திறந்து மீதியை எழுதி வருகிறேன்.

கைவிட்ட தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அவள் சன்னலோரம்—

(மழை பெய்யவில்லை. மன்னிக்கவும்.)

2

அப்பா, மின்தூக்கி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அனுமதியின்றி எது இயங்கினாலும் நிறுத்திவிடுவார். கணினியைத் தொலைபேசிக் கம்பியுடன் இணைக்கும் மோடம் கீச்சிடத் தொடங்கியதும் கூடத்திலிருக்கும் ரிசீவரை எடுப்பார், இணைப்பு அறுந்துபோகும். கடிதம் போகாததால் மென்பொருள் மீண்டும் அழைக்கும். அது அழைப்பதால் அப்பா மீண்டும் எடுப்பார். இருவருமே கடமை தவறாதவர்கள்.

"யாரு பேசறது?" என்று ஒருமுறை கேட்டார். மறுமுனை கிறீச்சிட்டது. "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்றார், மிகுந்த மரியாதையுடன். என் பணிவு எந்த வழியில் வந்தது என்பதைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

(மோடத்தின் கம்பியைப் பிடுங்கிவிடலாமே என்று தாங்கள் நினைப்பது நியாயமே. ஆனால், மோடம் வந்த அன்றே அப்பா இணைப்புப் பெட்டியைச் சோதித்து, பழக்கதோஷத்தால் ஈய முத்திரை வைத்துவிட்டார். முத்திரையை உடைக்க, பணியிலிருக்கும் ஆய்வாளருக்கே அதிகாரம் உண்டாம். தாம் ஓய்வு பெற்றுவிட்டதால் உடைக்க இயலாது என்கிறார். வைக்க மட்டும் எப்படி இயன்றது என்று கேட்கும் துணிவு எனக்கில்லை.)

3

இங்கே அக்கா வந்தாக வேண்டும். அவளைப் பாத்திரமாக்குவதில் எனக்குத் தயக்கமுண்டு. தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள்.

அவள் கணவர், அதாவது என் மாமா, கப்பலில் சமையற்காரர். சண்டை போட்டுக்கொண்டு அக்கா இங்கே வந்துவிட்டாள். அவர் சமாதானம் பேச அழைத்தபோது, பாதியில் துண்டித்து ரிசீவரைக் கீழே எடுத்து வைத்தவளும் அவளே. இந்த வாரம் கப்பல் கரை தொடுகிறது. கடைசியாக ஒருமுறை அழைப்பேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். எங்கள் இணைப்போ ஓயாமல் 'எங்கேஜ்டு'.

"மறுபடியும் எடுத்து வெச்சுட்டேன்னுதான் நினைப்பாரு," என்றாள் அக்கா. பிறகு திரையைப் பார்த்து, "நான் ஏன்டா கதைல இவ்வளவு அழறேன்? நேத்து சீட்டாட்டத்துல உன்னை மண்ணைக் கவ்வ வெச்சேனே, அதை எழுதேன்," என்றாள்.

அழுகை நீக்கப்பட்டது.

4

மென்பொருளின் அமைப்புகளில் 'தானாக இணைக்காதே' என்றொரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டேன். உடனே ஒரு கேள்வி எழுந்தது: 'ஒரு மின்னஞ்சல் காத்திருக்கிறது. அதை அனுப்பிய பின் நிறுத்தலாமா?' 'இல்லை' என்றால் கடிதம் அழிந்துவிடுமாம். இவ்வளவு பணிவாகக் கேட்பவரிடம் எப்படி மறுப்பது? 'ஆம்' என்றேன். மோடம் கீச்சிட்டது. அப்பா எடுத்தார்.

முயன்று பார்த்த முடிவுகள்: ஒன்றில், நான் 'இல்லை' என்கிறேன்; அக்காவுக்கு அழைப்பு வருகிறது; தங்களுக்குக் கதை இல்லை. இன்னொன்றில், மாமா நேரிலேயே வந்து வாசல்மணியை அழுத்துகிறார், அப்பா ஓடிப்போய் ரிசீவரை— (வேண்டாம்.)

முதலாவதே நியாயம் என்று தோன்றியது. 'இல்லை'யை நோக்கி அம்புக்குறியை நகர்த்தினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைப் பேசி முடிக்க விடுங்கப்பா," என்றாள் கூடத்தைப் பார்த்து. "பாதியில அறுத்தா அது திரும்பத் திரும்பக் கூப்பிடத்தான் செய்யும்."

"அனுமதி இல்லாமப் பேசுதேம்மா."

"நான் அனுமதி தரேன்."

"வாய்மொழியாவா?" என்று திகைத்தார் அப்பா.

"வாய்மொழியாத்தான்."

அவர் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு தொலைபேசியின் எதிரே அமர்ந்தார்.

மாமாவிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று அக்காவைக் கேட்டேன். "முதல்ல அவரு முழுசாச் சொல்லட்டும்," என்றாள்.

5

ஆகவே, முடிவு எழுதப்படாத நிலையிலேயே 'அனுப்பு' என்பதை அழுத்தப் போகிறேன், இம்முறை தெரிந்தே. இவ்வரியைத் தாங்கள் படிக்க நேர்ந்தால், அப்பாவின் கைகள் தொடைகளுக்கு அடியிலேயே இருந்தன என்று பொருள். மென்பொருள் தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து ஓய்ந்திருக்கும். எங்கள் இணைப்பு காலியாக இருக்கும்.

அதன்பின் மணி அடித்ததா என்று தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. ஆனால் தெரிவிக்க வேண்டுமானால் அந்த இணைப்பை நான் மறுபடியும் பிடிக்க வேண்டும். பிடிக்க மாட்டேன். அக்கா தொலைபேசியின் பக்கத்தில் அமர்ந்து சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருக்கிறாள்; எனக்கும் சேர்த்துத்தான் போடுகிறாள்.

முடிவைத் தாங்களே அமைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். எம்முடிவாயினும் எனக்குச் சம்மதமே. ஒன்று மட்டும்: அது சரிதானா என்று தெரிந்துகொள்ள, தயவுசெய்து, எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.