ஒரே விலைக் கடை

பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள், ஆண்டு இறுதி விடுமுறைக்கு முந்தைய மாலை, வேலை முடிந்து நேராக ஒரே விலைக் கடைக்குப் போனாள். எதை எடுத்தாலும் ஒரே விலை என்பதால் அங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. ஆளுக்கு ஒரு பொம்மை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்த இரண்டு பேரையும் அழைத்துப்போய்ச் சமைக்க வேண்டும்.

பொம்மை வரிசையில் அவள் கணவன் நின்றிருந்தான்.

கணவன் என்று இன்னும் சொல்லலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோடையிலிருந்து தனித்தனி வீடு. பிள்ளைகள் வாரம் முழுக்க இவளிடம், சனி ஞாயிறு அவனிடம். லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலைச் சட்டையோடு வந்திருந்தான், விரல் இடுக்குகளில் கிரீஸ் கறுத்திருந்தது. கையில் கோத்து விளையாடும் மணிகள் ஒரு டப்பா.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்கள், கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் போல இருக்கிறது என்பார்கள். சில மாதங்களாக இவளுக்கு ஆள் முழுக்க அப்படித்தான் இருந்தது.

"அது வேணாம். சின்னவன் வாயில போட்டுக்குவான்."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "நீயா... பெரியவளுக்குன்னுதான் எடுத்தேன்."

"அவகிட்ட இருந்தா இவன் சும்மா விடுவானா?"

டப்பாவை வைத்துவிட்டு, சைரன் வைத்த ஒரு ஆம்புலன்ஸைக் காட்டினான். "இது?"

"இந்தச் சத்தம் கேட்டா பெரியவ கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவா."

"என் வீட்டுல அப்படி இல்லையே. தெருவுல சைரன் போனா ஜன்னலுக்கு ஓடுறா."

அது அவளுக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டினாள். ஆனாலும் அவன் ஆம்புலன்ஸைத் திருப்பி வைத்துவிட்டான்.

அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கடைப்பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணே, அக்கா சொல்றதையே எடுத்துட்டா வீட்டுல ராத்திரி சோறு கிடைக்கும்."

இருவரும் ஒப்புக்குச் சிரித்து வைத்தார்கள்.

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களை அவள் சின்னவனுக்காகப் பிரித்துப் பார்த்தாள். அப்போதுதான் அவன் சொன்னான்.

"எனக்கு மாத்தல் வந்திருக்கு." ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் போக வேண்டிய ஊரின் பெயரைச் சொன்னான். "ரெண்டு வருஷம். அவங்களா போட்டுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "இல்ல. நான்தான் கேட்டு வாங்கினேன். உன்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது."

அவள் ஒவ்வொரு கிண்ணத்தின் ஓரத்தையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். "கூரா இல்ல. இதையே எடுத்துக்கலாம்."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. எப்ப?"

"லீவு முடியறதுக்குள்ள."

"பெரியவகிட்ட யாரு சொல்றது?"

"நீ சொன்னா அழமாட்டா."

"நான் சொல்லமாட்டேன். அழுதா உங்ககிட்டயே அழட்டும்."

அவளுக்கு எங்கோ ஒரு முள் தைத்தாற்போல இருந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

பெரியவளுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. ஒன்று உடைகிற மாதிரி இருந்தது, இன்னொன்றில் பெயின்ட் விரலில் ஒட்டியது. கடைசியில் அவன், கையில் மாட்டி ஆட்டும் துணிக் கரடி ஒன்றை எடுத்து, உள்ளே விரல்களை நுழைத்தான். கரடி அவளுக்குக் குனிந்து வணக்கம் வைத்தது. கல்யாணமான புதிதில் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"இது நல்லா இருக்கு," என்றாள்.

கரடிக்கு அவன் பணம் கொடுத்தான், கிண்ணங்களுக்கு அவள். யார் வாங்கித் தந்ததாகச் சொல்வது என்று வாசலில் கேட்டான். ரெண்டு பேரும்னு சொல்லுங்க என்றுவிட்டு, இரண்டு பையையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

விடுமுறையின் முதல் காலை அவன் வந்தான். சின்னவன் கிண்ணங்களைத் தரையில் கொட்டித் தட்டிக்கொண்டிருந்தான். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். கூடத்தில் அவன் கரடியை மாட்டிக்கொண்டு, குரலை மாற்றிப் பேசுவது கேட்டது.

"பாப்பா, அப்பா ரொம்ப தூரம் வேலைக்குப் போகப் போறாராம்..."

"கரடி, நீ பேசாத," என்றாள் பெரியவள். "அப்பா பேசட்டும்."

பிறகு அவன் சொந்தக் குரலில், தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

"அங்க லிஃப்ட் எல்லாம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள் பெரியவள்.

"ஆமாம்மா. நிறைய."

"சரி பண்ணிட்டு வந்துடு."

பெரியவள் அழவில்லை. அவன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் தலையசைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். குழாய்த் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்துகொண்டிருந்தது. கை சிவந்த பிறகுதான் இவள் கவனித்தாள்.

மதியம் பெரியவள் சாக்ஸ் போட உட்கார்ந்தாள். குதிகால் மேல்பக்கம் வந்துவிட்டது. கழற்றி மறுபடி போட்டாள், மறுபடியும் அப்படியே. சாக்ஸை வீசி எறிந்துவிட்டு, தரையில் புரண்டு, மூச்சு வாங்கக் கத்தி அழுதாள். இவள் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். மார்புப் பக்கம் சட்டை நனைந்து சூடாக ஒட்டியது. தனக்கும் அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. முதுகை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

குழந்தை தேம்பித் தேம்பித் தூங்கிப்போனாள். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"பிள்ளை ஏன் இந்தக் கத்துக் கத்தினா?"

"சாக்ஸ் போட வரல."

"அதுக்கா இவ்வளவு அழுகை?"

"ஆமாக்கா," என்றாள். "அதுக்குத்தான்."