ஐந்தாவது கிணற்றுக்கு நாற்பது நிமிடம்

பஸ் கால அட்டவணையைப் பார்க்கிறவர்கள் பஸ் ஓடுகிற நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். அதைத் தயாரிக்கிறவன் பார்ப்பது பஸ் நிற்கிற நேரத்தை. இங்கிலாந்தின் டெர்பி நகரில் முப்பத்தொரு வருடம் நான் செய்த வேலை அதுதான். ஓடுகிற நேரத்தைச் சாலையே முடிவு செய்துவிடும். கடைசி நிறுத்தத்தில் பஸ் ஆறு நிமிடம் சும்மா நிற்க வேண்டுமா, ஒன்பது நிமிடம் நிற்க வேண்டுமா என்பதில்தான் எங்கள் திறமை இருக்கிறது. தாமதங்களையெல்லாம் விழுங்கிக்கொள்வது அந்தச் சும்மா நிற்கிற நேரம்தான். அதில் கைவைத்தால், காலை எட்டு மணிக்கு யாரோ சில்லறை தேடியதற்காக மாலை ஐந்து மணிக்கு வேறு யாரோ மழையில் நனைவார்கள்.

அதனால் ஹேதர்லோ கிராமத்துக்கு ஒரு நாள் போய்வரத் திட்டம் போட்டபோது, கிணற்றுக்கு நாற்பது நிமிடம் என்று எழுதினேன். மொத்தம் ஐந்து கிணறுகள்.

"நாப்பதா?" என்றாள் என் மனைவி மேவிஸ். "கிணத்தப் பாக்கப் போறோமா, தூர் வாரப் போறோமா?"

"போன தடவை மாதிரி ஆகக்கூடாதுல்ல."

போன தடவை என்பது இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தியது.

எங்கள் டெர்பிஷயர் மலைக் கிராமங்கள் சிலவற்றில், இயேசு விண்ணுக்கு ஏறிய திருநாளன்று கிணறுகளுக்கு அலங்காரம் செய்வார்கள். ஆள் உயரப் பலகைகளை ஆற்றில் பல நாள் ஊறவைத்து, அதன்மேல் உப்புக் கலந்து மிதித்த களிமண்ணைப் பூசி, அந்த ஈரக் களிமண்ணில் பூவிதழ், இலை, விதை, பாசி இவற்றை மட்டும் பதித்துப் பெரிய படம் செய்வார்கள். பலகை ஊறியிருப்பதால் களிமண்ணின் ஈரத்தை அது உறிஞ்சாது. உப்பும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவ்வளவு செய்தும் ஒரு வாரம்தான் தாங்கும். பிறகு பலகையை இறக்கிக் கழுவிவிடுவார்கள். அடுத்த வருடம் வேறு படம்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு, மே இருபத்தொன்று, வியாழக்கிழமை, நாங்கள் அங்கே போனோம். நான்கு கிணறுகள் பார்த்தோம். ஐந்தாவதற்குப் போனபோது திரும்புகிற பஸ்ஸுக்கு ஏழு நிமிடம் இருந்தது. மேவிஸ் அந்தப் படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "அடுத்த வருஷம் வரலாம்" என்றேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அடுத்த வருடம் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த வருடம் வேறு ஏதோ. எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது.

இப்போது மேவிஸின் கண் போய்க்கொண்டிருக்கிறது. வலது கண்ணின் நடுப்பார்வை சென்ற வருடமே போய்விட்டது. இடது கண்ணின் விழித்திரைக்குப் பின்னால், தேவையில்லாத இடத்தில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. அதை அடக்க ஆறு வாரத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். மார்ச்சில் மருத்துவர் கண்ணின் படங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஊசி முன்ன மாதிரி கேக்கலை. எதையாவது பாக்கணும்னு வச்சிருந்தீங்கன்னா தள்ளிப்போடாதீங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், "ஹேதர்லோ" என்று மட்டும் சொன்னாள் மேவிஸ்.

நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டேன். எங்களிடம் கார் கிடையாது. ஓட்டத் தெரிந்தவள் அவள்தான். அவள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றே காரை விற்றுவிட்டோம். டெர்பியிலிருந்து எட்டு ஐந்துக்கு ஆஷ்போர்ன் பஸ். அங்கிருந்து ஒன்பது ஐம்பதுக்கு ஹேதர்லோ பஸ். அது வாரத்தில் வியாழன் மட்டும் ஓடும். ஒரு காலத்தில் வியாழன்தான் சந்தை நாள், சந்தை போனபிறகும் பஸ் மட்டும் அந்தக் கிழமையை விடவில்லை. திருநாளும் வியாழன்தான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

தேதி பார்த்தபோதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம் கிடைத்தது. அந்த வருடத்துப் பையடக்க நாட்குறிப்பை எடுத்து இந்த வருடத்து நாட்குறிப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கிழமைகள் எல்லாம் அப்படியே ஒன்று. வாரத்துக்கு ஏழு நாள், லீப் வருடம் நான்குக்கு ஒருமுறை. ஏழு நான்கு இருபத்தெட்டு. இருபத்தெட்டு வருடத்துக்கு ஒருமுறை நாட்காட்டி அட்சரம் பிசகாமல் திரும்பி வரும். அதே மே இருபத்தொன்று, அதே வியாழன்!

"நாம விட்ட இடத்துக்கு நாட்காட்டியே நம்மளக் கூட்டிட்டுப் போகுது, மேவிஸ்."

"நீ அதையே கட்டிக்கிட்டிருக்கலாம் வில்ஃப். குறட்டை விடுதுன்னு உன்னத் திட்டாது."

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை, பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பது பத்துக்கு அவளுக்கு ஊசி. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் கண் மங்கலாக இருக்கும், வியாழன் தெளிந்துவிடும். அதையும் கணக்கில் சேர்த்திருந்தேன்.

திங்கள் காலை பத்தே முக்காலுக்கு, மேசை பிடித்து வைக்கச் சொல்லி ஹேதர்லோ தேநீர்க் கடைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"வியாழனா? வாங்க கண்ணு, தாராளமா இடமிருக்கும். கூட்டமே இருக்காது."

"திருநாளாச்சே, கூட்டம் இருக்காதா?"

"திருநாள் போன வியாழனே முடிஞ்சுதே! புதன் சாயங்காலம் பலகையெல்லாம் இறக்கிடுவாங்க. வியாழன் வந்தீங்கன்னா கிணத்துல தண்ணிதான் இருக்கும்."

நன்றி சொல்லி போனை வைத்தேன். மேசையை வேண்டாம் என்று சொன்னேனா, நினைவில்லை.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் திருநாள் ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள். அதனால்தான் அது எப்போதும் வியாழன். ஆனால் ஈஸ்டர், வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகிற நாளுக்குப் பிறகு வருகிற முழுநிலவை ஒட்டிய ஞாயிறு. நிலவுக்கு என் இருபத்தெட்டு வருடக் கணக்கு தெரியாது. கிழமைகள் திரும்பி வந்தன, நிலவு வரவில்லை. இந்த வருடம் ஈஸ்டர் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தது. தேவாலயத்துக்குப் போகிற யாருக்கும் இது தெரியும். நாங்கள் போவதில்லை. கணினியில் தேடியிருந்தால் அரை நிமிடம். கணக்கு அழகாக வந்துவிட்டால் நான் அதைச் சரிபார்ப்பதில்லை. அலுவலகத்திலேயே என்மேல் இருந்த ஒரே புகார் அதுதான்.

மேவிஸ் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கையிலிருந்த துண்டை நான்காக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஒரு வழி இருக்கு," என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஊசிய அடுத்த வாரத்துக்கு மாத்திடலாம். புதன்கிழமை டாக்சி வச்சுப் போயிடலாம். கண்ணும் தெளிவா இருக்கும்."

"மூணு நாள் தாண்டினாலே தப்புன்னு நர்ஸ் சொன்னாங்க. இருக்கிற கண்ண வித்துப் படம் பாக்கச் சொல்றியா?"

"அப்ப அடுத்த வரு—"

நான் நிறுத்திக்கொண்டேன். அவளும் அதைக் கேட்காதவள் போல இருந்தாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள்.

"திங்கள்."

"பலகை இன்னைக்கு அங்கதான இருக்கு?"

"இன்னைக்கு பஸ் இல்ல, மேவிஸ்."

"பஸ் இல்லேன்னா ஊரே இருக்காதா?" துண்டை வைத்துவிட்டுத் தன் மேலங்கியைத் தேடப் போனாள்.

இரண்டு டாக்சி அலுவலகங்களைக் கேட்டேன். நாலு மணிக்கு முன்னால் வண்டி இல்லை என்றார்கள். மிச்சமிருந்தது அடுத்த வீட்டு பார்ஜெட்டர். அவரிடம் ஒரு வேன் உண்டு.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். பத்தொன்பது வருடம் வேலிச்செடிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று நானும் அவரும் வானிலை பேசியிருக்கிறோம். மழை வரும் போலிருக்கிறது என்பார். வராது போலிருக்கிறது என்பேன். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்ததில்லை. அவர் மனைவி இறந்தபோது ஒரு அட்டை அனுப்பினோம். அவர் ஒரு நன்றி அட்டை அனுப்பினார். எங்கள் தெருவில் இதற்கு நல்ல உறவு என்று பெயர். யாரையும் தொந்தரவு செய்யாமல் இருப்பதை நாங்கள் மரியாதை என்று நினைக்கிறோம். அந்தக் கதவைத் தட்டுவதைவிட ஹேதர்லோவுக்கு நடந்தே போவது எனக்குச் சுலபம்.

தட்டினேன்.

"மன்னிக்கணும் மிஸ்டர் பார்ஜெட்டர், தொந்தரவு பண்றேன். நீங்க வேலையா இருந்தா..."

"வீடு பத்திக்கிச்சா?" என்றார் அவர், என் தோளுக்கு மேலாக எங்கள் கூரையைப் பார்த்து.

"இல்ல, இல்ல. மேவிஸ..."

சொல்லி முடிக்க எனக்கு நிறைய வார்த்தைகள் தேவைப்பட்டன. கண், ஊசி, நிலவு, வியாழன், புதன். அவர் பாதியிலேயே சாவியை எடுத்துவிட்டார்.

"வேன்ல பின்னாடி ஒரு கழிப்பறைக் கோப்பை இருக்கு. புதுசுதான், யாரும் உக்காரல. அத வழியில பெல்பர்ல இறக்கணும். பரவால்லையா?"

"தாராளமா. பெட்ரோலுக்கு..."

"வில்ஃப்," என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. "போய் உங்க சம்சாரத்தக் கூட்டிட்டு வாங்க."

மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்தோம். பெல்பரில் கோப்பையை இறக்கும்போது ஒரு முனையை நான் பிடித்தேன். மேவிஸ் சாலையைப் பார்த்தபடி வந்தாள். மழை வரும் போலிருக்கிறது என்றார் பார்ஜெட்டர். ஆமாம் என்றேன்.

ஹேதர்லோவில் இறங்கும்போது மணி ஒன்றரை. முதல் கிணறு பஸ் நிறுத்தத்தின் பக்கத்திலேயே இருந்தது. நான் அதை நோக்கி நடந்தேன்.

"அத விடு," என்றாள் மேவிஸ். "அஞ்சாவது."

ஐந்தாவது கிணறு தேவாலய மதிலுக்குக் கீழே, சரிவான பாதையின் முடிவில். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பார்ஜெட்டர் மேலேயே நின்றுகொண்டார்.

திருநாள் முடிந்து நான்காவது நாள். களிமண் ஓரங்களில் வெடித்திருந்தது. நீல இதழ்கள் பழுப்பாகியிருந்தன. படத்தில் ஒரு பெரிய படகு, மேலே ஒரு புறா, நடுவில் தாடிக்காரர் ஒருவரின் முகம். பைபிளின் பெருவெள்ளக் கதையில் வருகிற நோவா. நான் ஆரம்பித்துவிட்டேன்.

"நடுவுல நோவா. தாடிய ஏதோ பாசியில செஞ்சிருக்காங்க. படகு வந்து மரப்பட்டை..."

"வில்ஃப், கொஞ்சம் சும்மா இரு."

சும்மா இருந்தேன். அவள் பலகைக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் அப்படியே நின்றாள். பலகை எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடம் அல்ல, ஒரு மாதம் தாமதமாக வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

"மேவிஸ், பலகை இந்தப்பக்கம்."

"தெரியும்."

பிறகு சொன்னாள்: "கீழ வலதுபக்கம், தண்ணி வர்ற இடத்துல, ஒரு வரிசை தலைகீழா வச்சிருக்காங்க பாரு."

குனிந்து பார்த்தேன். இதழ்களைக் கீழிருந்து மேலாகப் பதித்துக்கொண்டு போகவேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ளதன் விளிம்பை ஓடு வேய்ந்தது போல மூடும், மழைநீர் வழிந்துவிடும். அலைகளில் ஒரே ஒரு வரிசை மாறியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் நீர் உள்ளே இறங்கிக் களிமண் கரைந்திருந்தது. முழுக் கண் உள்ள நான் அதைக் கவனிக்கவில்லை.

"எப்படி... நீ மதிலத்தான பாத்துட்டிருந்த?"

"நேரா பாத்தா நடுவுல ஒண்ணுமே இருக்காது. கறுப்பு. கொஞ்சம் தள்ளிப் பாத்தா ஓரத்துல வரும். அந்த ஓரத்த வச்சுத்தான் ரெண்டு மாசமா ஓட்டிட்டிருக்கேன்."

விழித்திரையின் ஓரம் இந்த நோயில் கடைசிவரை தப்பிக்கும் என்பது எனக்குத் தெரியும். மருத்துவமனைத் துண்டறிக்கையை நான்கு முறை படித்தவன் நான். அவள் அதை வைத்து எப்படிப் பார்க்கிறாள் என்று மட்டும் கேட்டதில்லை. இரண்டு மாதமாகக் காலைச் சாப்பாட்டின்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, தானாகத் தணியட்டும் என்று விட்டிருந்தேன்.

"சொல்லியிருக்கலாமே."

"நீ அதுக்கும் ஒரு அட்டவணை போடுவ."

மேலே பாதையில் பார்ஜெட்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். தூறல் விழ ஆரம்பித்தது. மேவிஸ் நகரவில்லை. முகத்தை மெல்ல இடமும் வலமுமாகத் திருப்பி, படகின் ஒரு முனை, புறாவின் இறக்கை, அலைகள் என்று துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தாள். நோவாவின் முகம் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

"நீ அங்க போய் நில்லு," என்றாள்.

"எங்க?"

"பலகைக்குப் பக்கத்துல."

"எதுக்கு?"

"நில்லேன்."

பலகையின் ஓரமாக, ஈரச் சேற்றில் போய் நின்றேன். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. மேவிஸ் என்னை விட்டு முகத்தைத் திருப்பி, மதிலைப் பார்க்க ஆரம்பித்தாள்.